கம்பர்லாண்ட் டாக்டரின் ஊரில் சில நாட்கள்

திங்கள், ஹாலிஃபாக்ஸ்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தின் முற்றத்தில் ஜோசப் ஹோ கையை நீட்டிப் பேசுகிற மாதிரி சிலையாக நிற்கிறார். நாங்கள் தேடி வந்தவர் அவரைத் தோற்கடித்தவர். சார்லஸ் டப்பர், ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் குதிரையேறி வைத்தியம் பார்த்த டாக்டர். பிறகு இந்த மாகாணத்துக்கு பிரீமியர் (நம்ம ஊர்க் கணக்கில் முதலமைச்சர்), கடைசியில் கனடாவுக்கே பிரதமர். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம், அவரைக் காணோம்.

என் மாமனார்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். பணிக்காலம் முழுக்க தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓட்டியவர். டொராண்டோவுக்கு எங்களைப் பார்க்க வந்தவரை நயாகராவுக்குக் கூட்டிப்போனால், "தண்ணி நல்லாத்தான் விழுது" என்றார், அவ்வளவுதான். ஆனால் டாக்டர் ஒருவர் இங்கே பிரதமராக இருந்தார் என்று எங்கேயோ படித்ததும் விடவில்லை. "அவர் ஊருக்குப் போலாம் மாப்பிள்ளை. ஒரு கிராமத்து டாக்டருக்கு ஓட்டு எப்படி விழுதுன்னு பாக்கணும்."

கட்டடம் 1819ல் திறக்கப்பட்டது. கனடாவில் இன்றும் சட்டமன்றம் கூடுகிற கட்டடங்களில் இதுதான் பழையது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளே சுண்ணப்பூச்சு வேலைப்பாடு அசத்துகிறது. இப்போது நூலகமாக இருக்கும் அறைதான் அந்தக் காலத்து நீதிமன்றம். பத்திரிகை ஆசிரியரான ஹோ, நகர நிர்வாகிகளின் ஊழலை எழுதியதற்காக 1835ல் அவதூறு வழக்கில் மாட்டி, வக்கீல் வைக்காமல் தானே மணிக்கணக்கில் வாதாடி விடுதலையானது இங்கேதான். அன்றிலிருந்து மாகாணத்தின் செல்லப்பிள்ளை அவர்.

அந்தச் செல்லப்பிள்ளை 1850களின் தொடக்கத்தில், ஆம்ஹர்ஸ்ட் இருக்கும் கம்பர்லாண்ட் பகுதியில் ஒரு கூட்டத்தில் பேசினார். டப்பர் எழுந்து, பதில் சொல்லத் தனக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டார். சின்ன டாக்டர் பேசட்டுமே, அந்தப் பூனைக்குட்டி கத்துவதைவிட அதிகமாக என்னை அது பாதிக்கப்போவதில்லை என்று ஹோ சிரித்ததாகக் கதை. 1855 தேர்தலில் அதே கம்பர்லாண்டில் பூனைக்குட்டி ஜெயித்தது. டப்பருக்கு அப்போது 33 வயது.

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?" என்றார் மாமா. "ஹோ மேடையில நின்னாரு. இவரு வீட்டுக்குள்ள போயிட்டு வந்தவரு."

செவ்வாய், ஆம்ஹர்ஸ்ட் போகும் வழி

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆம்ஹர்ஸ்ட் 200 கிலோமீட்டர் சொச்சம். ட்ரூரோ தாண்டியதும் சாலை கோபெக்விட் மலைமேல் ஏறுகிறது. இருபுறமும் காடு, நடுநடுவே மரம் ஏற்றிய லாரிகள். ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓரமாகச் சிரித்த முகத்தோடு ராட்சத ப்ளூபெர்ரி பொம்மை ஒன்று நிற்கிறது. மாமா அதோடு படம் எடுத்துக்கொண்டார். குடும்ப வாட்ஸப் குழுவில் இந்தப் பயணத்துக்கே அதிக இதயம் வாங்கிய படம் அதுதான்.

வண்டியில் பேச்சு முழுக்கத் தொழில் பற்றியே. டப்பர் 1821ல் ஆம்ஹர்ஸ்ட் பக்கம் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். பையன் 19 வயதில் கப்பலேறி எடின்பரோ போய், 1843ல் எம்.டி. பட்டத்தோடு ஊர் திரும்பினார். அங்கேயோ லண்டனிலோ தங்கியிருக்கலாம். வந்து வைத்தியமும் பார்த்தார், மருந்துக்கடையும் வைத்தார்.

"1843ன்னா மயக்க மருந்து கிடையாதே!" என்று மாமா கணக்குப் போட்டார். சரிதான். பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டியது 1846 அக்டோபரில். எடின்பரோவில் சிம்ஸன் குளோரோஃபார்மைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தியது 1847ல். காயத்தைக் கார்பாலிக் அமிலத்தால் கழுவினால் சீழ் பிடிக்காது என்று லிஸ்டர் எழுதியது 1867ல், அதாவது டப்பர் வைத்தியத்தைவிட அரசியலில் பெரிய ஆளாகிவிட்ட பிறகு. ஆக, ஆம்ஹர்ஸ்டில் ஆரம்ப வருடங்களில் ஒரு காலை எடுக்க வேண்டுமென்றால் நாலு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டும், டாக்டர் வேகமாக அறுக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. நோயாளியிடம் அபிப்பிராயம் கேட்கவும் நேரமில்லை.

இந்தக் கடைசி வரி நான் சொன்னது. மாமா அப்போது சும்மா இருந்துவிட்டார். பிறகு வெள்ளிக்கிழமை இதற்குச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பனிக்காலத்தில் சறுக்கு வண்டி, மற்ற நாளெல்லாம் குதிரை. அடுத்த டாக்டர் எங்கேயோ. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் சுற்றினால் ஒரு தொகுதியில் எத்தனை வீட்டு அடுப்படி தெரிந்திருக்கும்? யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கடன், எந்தப் பிள்ளை நல்லாப் படிக்கும், எல்லாம் தெரியும். மாமாவையும் ஒரு காலத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டார்களாம். அரசு ஊழியர் நிற்கக்கூடாது என்று தப்பித்தேன் என்றார். தப்பித்தேன் என்றுதான் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

புதன், ஆம்ஹர்ஸ்ட்

விக்டோரியா தெரு முழுக்கச் செம்மண் நிறக் கல் கட்டடங்கள். ஒரு காலத்தில் ஆலைகளால் கொழித்த ஊர் என்று பார்த்தவுடன் தெரிகிறது. இப்போது அமைதியாக இருக்கிறது, சில கடைகள் காலி.

கனடாவை உருவாக்கிய மாநாடுகளில் உட்கார்ந்தவர்களை இந்த நாட்டில் 'கூட்டாட்சித் தந்தையர்' என்பார்கள். அதில் நான்கு பேர் ஆம்ஹர்ஸ்டோடு தொடர்புடையவர்கள்: டப்பர், டிக்கி, மக்கல்லி, சாண்ட்லர். இத்தனூண்டு ஊருக்கு இது அதிகம்தான். டிக்கியின் 1838ஆம் வருட வீடுதான் இப்போது கம்பர்லாண்ட் மாவட்ட அருங்காட்சியகம். நல்ல தோட்டம், உள்ளே ஏறினால் கிறீச்சிடும் மரப்படி. நிதானமாகச் சுற்றிப் பார்த்தோம்.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெஃப்ரி ஆம்ஹர்ஸ்ட் பிரிட்டிஷ் தளபதி. 1763ல் பூர்வகுடி மக்களிடையே பெரியம்மையைப் போர்வை மூலம் பரப்பலாம் என்ற யோசனைக்குக் கடிதத்தில் சம்மதம் எழுதியவர். தடுப்பூசி முகாம்களில் வாழ்க்கையைக் கழித்த என் மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "இந்தப் பேர் உள்ள ஊர்ல இருந்தா ஒரு டாக்டர் கிளம்பி வந்தாரு?" இன்னொரு விருந்தாளியும் இங்கே வந்துபோனார். 1917 ஏப்ரலில், ரஷ்யா திரும்பிக்கொண்டிருந்த ட்ராட்ஸ்கியை ஹாலிஃபாக்ஸில் கப்பலிலிருந்து இறக்கி இந்த ஊர்க் கைதி முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் அவர் கைதிகளிடம் புரட்சி பேசினார், கேட்கவா வேண்டும்.

மாலை டாண்ட்ரமார் சதுப்புநிலத்துக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல். கடல் ஏற்றம் உள்ளே வராமல் கரை போட்டு, மடை வைத்து, இதை விளைநிலமாக்கியவர்கள் அக்கேடியர்கள் என்ற பிரெஞ்சு வழிக் குடியானவர்கள். கடல் ஏறும்போது மடைக்கதவு தானாக மூடும், இறங்கும்போது மழைத்தண்ணீரை வெளியே விடத் திறக்கும். 1755ல் பிரிட்டிஷார் அவர்களைத் துரத்தினார்கள், நிலம் வேறு கைகளுக்குப் போனது. இந்த வெட்டவெளியில் ஜனவரி இரவு ஒரு பிரசவ கேஸுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். செப்டம்பர் காற்றுக்கே மாமா மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

வியாழன், ஸ்ப்ரிங்ஹில்

காலையில் ஜாக்கின்ஸ் புதைபடிவப் பாறைகள். மழை பிடித்துக்கொண்டதால் மேலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

ஸ்ப்ரிங்ஹில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1891ல் வெடிப்பு, 125 பேர் செத்தார்கள், அதில் சிறு பையன்களும் உண்டு. 1956ல் 39 பேர். 1958 அக்டோபரில் பூமிக்கடியில் பாறை நெரிந்து 75 பேர். அந்த இரண்டு முறையும் ஆர்னால்ட் பர்டன் என்ற உள்ளூர் டாக்டர் சுரங்கத்துக்குள் இறங்கினார். மீட்புக்காரர்களோடு தவழ்ந்து போய், அடியில் சிக்கிக் கிடந்தவர்களைக் கவனித்தார். சுரங்க அருங்காட்சியகத்தில் முன்னாள் தொழிலாளி ஒருவர் எங்களுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். மாமா கேட்ட கேள்வி எல்லாம் நுரையீரல் பற்றித்தான். அவர் பதில் சொல்லும்போதே நடுவில் இருமினார். மாமா என்னைப் பார்த்தார்.

இரவு விடுதியில் பள்ளிக்கூடச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. டப்பர் 1864ல் பிரீமியர் ஆனதும் கொண்டுவந்தது இலவசப் பள்ளிச் சட்டம். அதற்கு முன் பெற்றோர் சந்தா கட்டினால்தான் பள்ளி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எக்கச்சக்கம் என்று 1861 மக்கள்தொகைக் கணக்கு காட்டிக்கொடுத்திருந்தது. முதல் சட்டம் போதாமல் 1865ல் எல்லோருக்கும் கட்டாய வரி என்று மாற்றினார். பிள்ளையே இல்லாதவனும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்க வரி கட்ட வேண்டும். ஊரே கொதித்தது. இவருக்கு முன் இருந்த அரசியல்வாதிகள், ஹோ உள்பட, இலவசக் கல்வி நல்லது என்று பேசிவிட்டு வரி என்ற இடத்தில் பின்வாங்கியவர்கள். ஓட்டு போகும் என்று தெரிந்தே இவர் செய்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

வெள்ளி, சார்லட்டவுன்

கூட்டாட்சிப் பாலம் 12.9 கிலோமீட்டர். 1997ல் திறந்தது. பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் காரில் உட்கார்ந்து பார்த்தால் கடல் சரியாகத் தெரியாது. பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குள் போகும்போது காசு வாங்குவதில்லை, வெளியே வரும்போதுதான் வாங்குகிறார்கள். "வந்தவனைப் போக விடாம இருக்க நல்ல வழி" என்றார் மாமா.

1864 செப்டம்பர் 1 அன்று இங்கே மாநாடு. முதலில் திட்டம் சின்னது: நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், இந்தத் தீவு மூன்றும் ஒன்றாகலாமா என்று பேசுவது. டப்பர் முன்னெடுத்த விஷயம் அது. அதற்குள் அன்றைய கனடா மாகாணத்திலிருந்து (இன்றைய ஒண்டாரியோ, கியூபெக்) பின்னாளில் முதல் பிரதமரான மக்டோனால்டின் கோஷ்டி, நாங்களும் வரலாமா என்று கேட்டுக்கொண்டு கப்பலில் வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஊரில் சர்க்கஸ். பல வருடங்களுக்குப் பிறகு வந்த சர்க்கஸ் என்பதால் சத்திரம் எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு நாட்டையே உண்டாக்க வந்தவர்களை வரவேற்க ஒரே ஒரு தீவு அமைச்சர் துடுப்புப் படகில் போனாராம். வந்தவர்களில் பாதிப்பேர் கப்பலிலேயே தூங்கினார்கள். மாநாடு நடந்த கட்டடத்தில் 2015ல் தொடங்கிய சீரமைப்பு. நாங்கள் உள்ளே போக முடியவில்லை. பக்கத்துக் கலை மையத்தில் அந்த அறையை அச்சாகச் செய்து வைத்திருக்கிறார்கள், நாற்காலி உள்பட.

டப்பரின் கெட்டிக்காரத்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாநாட்டுக்குத் தன் கட்சிக்காரர்களை மட்டும் கூட்டிவரவில்லை. எதிர்க்கட்சியின் ஆர்ச்சிபால்டையும் மக்கல்லியையும் கூடவே அழைத்துவந்தார். நாளைக்கு எதிர்க்க ஆள் குறையும் அல்லவா.

ஆனால் மக்களை அழைக்கவில்லை. நாங்கள் சண்டை போட்டது இதற்குத்தான்.

நோவா ஸ்கோஷியாவில் கூட்டாட்சிக்கு, அதாவது மற்ற மாகாணங்களோடு கனடா என்ற ஒரே நாடாக இணைவதற்கு, பெரிய எதிர்ப்பு இருந்தது. ஹோ அதற்குத் தலைமை. டப்பர் தேர்தலும் வைக்கவில்லை, வாக்கெடுப்பும் வைக்கவில்லை. 1866 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 31க்கு 19 என்று தீர்மானம் போட்டு வேலையை முடித்துவிட்டார். பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கில் பிரீமியர் டில்லி 1865ல் மக்களிடம் போனார், தோற்றார். அடுத்த வருடம் மறுபடி போனார், ஜெயித்தார். இதில் வேடிக்கை, டில்லி மருந்துக்கடைக்காரர்.

"மருந்துக்கடைக்காரர் கேட்டார், டாக்டர் கேட்கவில்லை" என்றேன் மாமாவிடம்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வான் மாப்பிள்ளை. குழந்தைக்கு விளக்கெண்ணெய் குடுக்கறப்ப மூக்கைப் பிடிச்சுத்தான் ஊத்துவோம். அப்புறம் வயிறு சரியானா யாரு திட்டறா?"

"அது குழந்தை மாமா. இது ஒரு மாகாணம்."

"பள்ளிக்கூட வரி போட்டப்ப மட்டும் யாரைக் கேட்டாராம்? அதுக்கு நேத்து ராத்திரி கைதட்டினீங்க. அன்னிக்கு வண்டில வேற குத்திக் காட்டினீங்க, நோயாளியை டாக்டர் கேக்கறதில்லன்னு."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வரியை அடுத்த தேர்தலில் வேறு ஆள் வந்து எடுத்துவிடலாம், நாட்டோடு இணைந்ததை அப்படிப் பிரிக்க முடியாது, அதுதான் வித்தியாசம் என்று பாலத்தில் திரும்பி வரும்போது தோன்றியது. சொன்னேன். மாமா தூங்கிவிட்டிருந்தார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார்.

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1867 ஜூலை 1, கனடா பிறந்த நாள். ஹாலிஃபாக்ஸ் பத்திரிகை ஒன்று நோவா ஸ்கோஷியா இறந்துவிட்டதாக மரண அறிவித்தல் போட்டது. செப்டம்பரில் தேர்தல். ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு மாகாணத்தின் 19 இடங்களில் 18 எதிர்ப்பாளர்களுக்கு. மாகாணச் சட்டமன்றத்தின் 38 இடங்களில் 36 அவர்களுக்கே. கூட்டாட்சிக்கார எம்.பி. என்று நோவா ஸ்கோஷியா முழுக்க ஒரே ஒருவர் தேறினார். கம்பர்லாண்டிலிருந்து டப்பர்.

கட்சி, கொள்கை, கோபம் எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு தொகுதி மட்டும் ஏன் அவரை விடவில்லை? நிலக்கரியும் ரயில் பாதையும் காரணமாக இருக்கலாம், அங்கே அவற்றால் லாபம் உண்டு. மாமாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "அவரு கையில பொறந்த பசங்க அப்ப ஓட்டுப் போடற வயசுக்கு வந்திருப்பாங்க, கணக்குப் பண்ணுங்க" என்றார். 1843ல் ஆரம்பித்தவர், 1867ல் 24 வருடம். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

சனி, மறுபடி ஹாலிஃபாக்ஸ்

ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலாப் பேருந்து வரிசையாக வருகிறது. டைட்டானிக்கில் இறந்தவர்களில் 121 பேர் அங்கே. பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லறைத் தோட்டத்தில் கனடாவின் ஒரு பிரதமர் கிடக்கிறார், அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. 1915 அக்டோபர் 30ல் இங்கிலாந்தில், 94 வயதில் இறந்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம். அப்படியும் உடலைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து மனைவி ஃபிரான்ஸஸ் பக்கத்தில் புதைத்தார்கள். கூட்டாட்சித் தந்தையரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

பிரதமர் பதவி வெறும் 69 நாள், 1896 மே முதல் ஜூலை வரை. இன்றுவரை அதுதான் கனடாவில் மிகக் குறைந்த காலம். அந்த வருடத் தேர்தலில் மொத்த வாக்கில் அவர் கட்சி கொஞ்சம் முன்னால், இடங்களில் எதிர்க்கட்சித் தலைவர் லாரியேயின் கட்சி முன்னால். பிரதமராக ஒருநாள்கூட நாடாளுமன்றத்தில் உட்காரவில்லை. அந்த 69 நாளை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். ரயில்வே அமைச்சராக இருந்து பசிபிக் ரயில் பாதை ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடுத்தவர். லண்டனில் கனடாவின் ஹை கமிஷனராகப் பல வருடம் இருந்தவர். குறையும் சொல்ல வேண்டும்: தன் குடும்பத்துக்கும் கூட்டாளிகளுக்கும் பதவியும் லாபமும் பார்த்துக்கொண்டார் என்ற பேச்சு அவர் காலத்திலேயே பலமாக இருந்தது.

மாமாவுக்கு மிகப் பிடித்த கதை 1869 டிசம்பர் கதை. மகள் எம்மாவும் அவள் கணவரும் மேற்கே ரெட் ரிவர் பக்கம், ரியெல் தலைமையில் மெட்டி மக்கள் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வழியினர்) அரசை எதிர்த்து எழுந்த நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். அப்பா மினசோட்டா வழியாகப் பனியில் சறுக்கு வண்டி ஓட்டிப்போய், ரியெலையே நேரில் பார்த்துப் பேசி, மகளையும் அவள் சாமான்களையும் மீட்டுக்கொண்டு வந்தார். 48 வயது அப்போது. ஆம்ஹர்ஸ்டில் ஓட்டிப் பழகிய கைதானே.

மத்தியானம் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கட்டடம். 1967ல், கனடாவின் நூற்றாண்டுக்குக் கட்டியது, டப்பர் பெயரில். கனடா பிறந்த 1867லேயே கனடிய மருத்துவச் சங்கமும் பிறந்தது. அதற்கு முதல் தலைவர் இவர்தான், மூன்று வருடம். மக்டோனால்டின் முதல் அமைச்சரவையில் மாகாணம், மதம் என்று பங்கு பிரிக்க இடம் போதாமல் இவர் விட்டுக்கொடுத்து வெளியே நின்ற காலம் அது. வைத்தியத்தை அப்போதும் விடவில்லை. நாடாளுமன்றத்தில் இருக்கைக்கு அடியில் மருந்துப் பையை வைத்திருப்பார் என்பார்கள்.

"நம்ம ஊர்லயும் உண்டு" என்றார் மாமா. "டி.எஸ்.எஸ். ராஜன், திருச்சி டாக்டர். 37ல ராஜாஜி மந்திரிசபைல சுகாதார மந்திரி. முத்துலட்சுமி ரெட்டி அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி சட்டசபை." பிறகு வாசலில் நின்றிருந்த மாணவியிடம் போய், படித்து முடித்ததும் கிராமத்துக்குப் போவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டே விட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, கேப் பிரெட்டன் போகலாம் என்று இருக்கிறேன், கடன் அடைக்க உதவுகிறார்கள் என்றாள். மாமாவுக்கு அந்த நேர்மை பிடித்துப்போனது.

நாங்கள் தங்கியிருக்கும் நண்பர் வீட்டில் ராத்திரி இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் கசப்பாகச் சிரித்தார். சுமார் 10 லட்சம் பேர் உள்ள இந்த மாகாணத்தில் குடும்ப டாக்டர் கிடைக்காமல் பதிவு செய்து காத்திருந்தவர்கள் ஒரு கட்டத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். அவர் குடும்பமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாமா பெட்டியிலிருந்து பி.பி. கருவியை எடுத்தார். இங்கே மருந்து எழுதித்தர அவருக்கு உரிமை இல்லை, அது அவருக்கும் தெரியும். நண்பரின் அம்மாவுக்குப் பார்த்தார், பிறகு நண்பருக்கு, பிறகு எதிர் வீட்டுக்காரருக்கு. நாளைக் காலை விமானம். எட்டு மணிக்கு அந்தத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.